பாடசாலையில் யார் விடுபடுகிறார்கள்? கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும்

திருகோணமலை மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகவும் பகுதித் தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மூதூர்ப் பக்கம், பிறகு கிண்ணியாப் பக்கம், கடைசியில் நகரம். உட்படுத்தல் கல்வி (எந்தப் பிள்ளையையும் விட்டுவிடாமல் சேர்த்துப் படிப்பிப்பது), சமவாய்ப்பு என்று எங்களுக்கு நடந்த செயலமர்வுகளுக்குக் குறைவே இல்லை. ஒரு கோப்பும் சோற்றுப் பார்சலும் தந்து அனுப்புவார்கள். கோப்பில் எல்லாம் இருக்கும். திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் போனால் முதலில் எதைத் தொடுவது என்பது மட்டும் இருக்காது. புதிதாக நியமனம் பெற்ற பிள்ளைகளும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிற பெற்றோரும் இப்போதும் என்னிடம் கேட்பது அதைத்தான்.

கெட்ட எண்ணத்தோடு ஒரு பிள்ளையை ஒதுக்கிய ஆசிரியரை நான் மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். நேரசூசி போடும்போது, காசு சேர்க்கும் துண்டு எழுதும்போது, பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, அந்தப் பிள்ளை யாருடைய நினைப்பிலும் இருக்காது. அவ்வளவுதான் நடக்கும். அதனால் திருத்த வேண்டிய இடமும் அந்தத் துண்டும் நேரசூசியும்தான். சுவரில் எழுதுகிற வாசகங்களால் ஒன்றும் ஆகாது.

இடாப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

கடந்த தவணையின் வரவு இடாப்பை எடுங்கள். ஒரு வகுப்பு போதும். மொத்த வரவு வீதத்தைப் பார்க்காதீர்கள், அது அலுவலகத்துக்கு அனுப்புவதற்கானது. ஒவ்வொரு பிள்ளையும் எந்தெந்த நாள்களில் வரவில்லை என்பதைத் தனித் தாளில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் பாடசாலை நாட்காட்டியையும் ஊர் நாட்காட்டியையும் வையுங்கள்.

அப்புறம் தாள் தானாகப் பேசத் தொடங்கும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கமென்றால் சின்ன வெங்காயம் பிடுங்கும் வாரங்களில் யார் இல்லை என்று தெரியும். வெருகல், ஈச்சிலம்பற்றில் மழைக்காலத்தில் எந்தக் கிராமத்துப் பிள்ளைகள் ஒன்றாக வராமல் நிற்கிறார்கள் என்று தெரியும். வாடி போட்டு மீன்பிடிக்கிற குடும்பங்கள் இடம் மாறும்போது இரண்டு மூன்று பெயர்கள் ஒரே கிழமையில் மறையும். அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் ஒரே மாதத்தில் ஒரே தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகச் சோம்பல்படுவதில்லை.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது இன்னொரு வகைப் பிள்ளை. வருடம் முழுக்க ஒழுங்காக வருவாள். விளையாட்டுப் போட்டியன்று இல்லை, கலைவிழாவன்று இல்லை, வகுப்புப் படம் எடுக்கும் நாளில் இல்லை, சுற்றுலாவுக்கு மறுநாளும் இல்லை. கேட்டால் காய்ச்சல் என்பாள். காசு சேர்க்கிற நாள்களின் பட்டியலை அவள் வராத நாள்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

ஏழாம், எட்டாம் தரப் பெண்பிள்ளை மாதாமாதம் இரண்டு மூன்று நாள் தொடர்ச்சியாக வராமல் நின்றால் அவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, உள்ளே கொளுவி இருக்கிறதா, மூடியுள்ள குப்பை வாளி இருக்கிறதா. 2024 இல் அணையாடை வாங்குவதற்கு அரசாங்கம் வவுச்சர் கொடுத்தது நல்ல காரியம். மாற்றுவதற்குக் கொளுவி போட்ட கதவு இல்லையென்றால் வவுச்சர் இருந்தும் பிள்ளை வீட்டில்தான் இருப்பாள். கொளுவி ஒன்றின் விலை பெரிதில்லை, அதற்கு வலயக் கல்வி அலுவலகத்திடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை.

இடாப்பிலேயே இல்லாத பிள்ளைகள்

இது கொஞ்சம் கடினம். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 இலிருந்து நடைமுறை, அதற்கு முன் பதினாலு வரைதான். சட்டம் இருக்கிறது, பிள்ளை எங்கே என்று தேடுவதற்குத்தான் ஆள் வேண்டும். கிராம அலுவலரிடம் போங்கள். அவரிடம் குடும்ப விபரம் இருக்கும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேருமாக ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் உங்கள் பகுதியில் எந்தப் பிள்ளை எந்தப் பாடசாலையிலும் இல்லை என்பது வந்துவிடும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்புவதுதான் நான் அதிகம் கண்ட தடை. 2004 கடல்கோளிலும் 2006 இடப்பெயர்விலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் சம்பூரிலும் மூதூரிலும் எத்தனையோ. அன்றைய பிள்ளைகள் இன்று தாய் தகப்பன், அவர்களின் ஆவணச் சிக்கல் பேரப்பிள்ளை வரை இழுபடுகிறது. ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வேடர் குடும்பங்களிலும் இதே கதைதான். பதிவு தொலைந்திருந்தால் பிரதி எடுக்கலாம். பதியவே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். அது வரும்வரை பிள்ளையை வகுப்பில் இருத்துங்கள். கடதாசி பின்னால் வரட்டும். "சான்றிதழோட வாங்கோ" என்று ஒரு தாயை அனுப்பினால் அவள் திரும்பி வரும்போது பிள்ளைக்கு எட்டு வயது ஆகியிருக்கும்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே செய்கிறோம்"

இந்த வசனத்தைச் சொல்லாத அதிபர் இல்லை. நேர்மையாகத்தான் சொல்வார்கள். இதற்குப் பதில் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 12 ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் என்று பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அதே உறுப்புரையின் நான்காம் பிரிவு, பெண்கள், பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக விசேட ஏற்பாடு செய்வதை இது தடுக்காது என்கிறது. யாராவது "ஒருத்தருக்கு மட்டும் எப்படிச் செய்வது" என்று கேட்டால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

வகுப்பில் இது எப்படி இருக்கும்? கண்ணை எடுத்துக்கொள்வோம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாகத் தரம் 1, 4, 7, 10 இல் நடக்கிறது. இரண்டாம் தரத்தில் பார்வை மங்கத் தொடங்கிய பிள்ளை நாலாம் தரம் வரும்வரை கரும்பலகையைப் பார்க்காமலே எழுதுகிறான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவதால் களவாகப் பார்க்கிறான் என்று அடி வேறு. ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் ஒரு வேலை செய்யுங்கள்: பலகையில் ஐந்து சொற்கள் எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் கடைசி வாங்கிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும். தடுமாறும் பிள்ளையை முன்னுக்கு இருத்திவிட்டு, தாயிடம் கடிதம் கொடுத்துப் பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள். காதுக்கும் அப்படியே. பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். ஏ, பி, சி என்று பிரிப்பது. புள்ளிப்படி பிரித்து, கெட்டிக்காரர் ஏ யில், மற்றவர்கள் சி யில். ஏ வகுப்புக்குப் பாடசாலையின் மிகச் சிறந்த ஆசிரியர். சி வகுப்புக்குப் புதிதாக வந்தவர், அல்லது பிரசவ லீவில் போகப்போகிறவர், அல்லது பதில் கடமைக்கு ஓடிக்கொண்டே இருப்பவர். யாருக்கு ஆசிரியர் அதிகம் தேவையோ அவர்களுக்கு ஆசிரியரே இல்லை. அதுவும் தரம் 5 புலமைப்பரிசில் வருடத்தில் கேட்கவே வேண்டாம். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களின் படம் போட்ட பதாகை மதிலில் தொங்கும், அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் நகரத்துத் தேசியப் பாடசாலைக்குப் போய்விடுவார்கள். மிச்சப் பேரோடுதான் பாடசாலை ஆறாம் தரத்தைத் தொடங்க வேண்டும்.

நகரத்துப் பாடசாலை ஒன்றில் நாங்கள் கலப்பு வகுப்பு கேட்டபோது பெற்றோர் கூட்டத்தில் பெரும் சண்டை. ஒரு தகப்பன் எழும்பி, "என்ட பிள்ளையைப் படிக்காத பிள்ளையோட இருத்திக் கெடுக்கப் போறீங்களா டீச்சர்?" என்றார். அவரை நோவதில் பயனில்லை, அவருக்குப் பயம். முழுதாகக் கலக்க முடியாவிட்டால் இப்படிச் செய்து பாருங்கள்: வகுப்புப் பிரிவை மாற்றாமல் தமிழுக்கும் கணிதத்துக்கும் ஆசிரியரை மட்டும் மாற்றுங்கள். ஏ வகுப்பு டீச்சர் வாரத்தில் சில பாடவேளை சி யில். நேரசூசிக் குழுவில் ஒரே ஒருவர் பிடிவாதமாக நின்றால் இது நடக்கும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். பதாகையைப் பொறுத்தவரை, வாசிக்கவே தெரியாமல் வந்து வருட முடிவில் வாசித்த பிள்ளைகளின் பெயரையும் போடச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். பிறகு போடுவார்கள்.

சமய பாடவேளை

கலப்பு ஊரில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. சைவப் பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்பில் இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகள், ஒரு முஸ்லிம் பிள்ளை. சமய பாடவேளை வரும். முப்பது பேர் தேவாரம் பாடுவார்கள். அந்த மூன்று பேரும் பின் வாங்கில் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, கணக்கும் செய்யாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அல்லது மரத்தடிக்கு அனுப்பப்படுவார்கள். முஸ்லிம் பாடசாலையில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் இதே நிலைதான். சமயம் சாதாரண தரத்தில் கட்டாய பாடம் என்பதால் இது மனக்கசப்போடு முடிகிற விஷயமும் இல்லை. பதினோராம் தரத்தில் ஒரு பாடத்தை யாரும் சொல்லித்தராமல் எழுதப் போகிறது அந்தப் பிள்ளை.

செய்யக்கூடியது: முதலில் அந்தப் பிள்ளையின் சமயப் பாடநூல் வந்ததா என்று பாருங்கள். பாடநூல் 1980 இலிருந்து இலவசம்தான், ஆனால் கோரிக்கைப் படிவத்தில் யாராவது எண்ணிக்கையை எழுதினால்தான் வரும். அடுத்து, அந்தச் சமயத்து ஆசிரியர் பாடசாலையில் வேறு பாடம் படிப்பிக்கிறாரா என்று பாருங்கள், அநேகமாக ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் பக்கத்துப் பாடசாலை அதிபரோடு பேசி, வாரம் ஒரு நாள் அங்கே அனுப்பவோ இங்கே அழைக்கவோ ஒழுங்கு செய்யலாம். பங்குத் தந்தையிடமோ மௌலவியிடமோ கேட்டால் மறைப்பாடசாலை, குர்ஆன் மதரஸா வழியாகவும் உதவி கிடைக்கும். எதுவும் சரிவரவில்லை என்றால் குறைந்தபட்சம் அந்தப் பாடவேளையில் அந்தப் பிள்ளைக்கு நூலகத்தில் மேசையும் தன் பாடநூலும் கிடைக்க வேண்டும். மரத்தடி வேண்டாம்.

தவணைப் பரீட்சைத் திகதி போடும்போது கோயில் திருவிழா, நோன்பு, பெருநாள், பெரிய வியாழன் எல்லாவற்றையும் பக்கத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் செயல்முறைப் பரீட்சை வைத்துவிட்டு, வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடுவது நியாயமில்லை. ஆடை விஷயத்தில், நகரத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவை வைத்து, இந்த ஊர் 2018 இல் பட்டது பலருக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றி நான் இங்கே வழக்குப் பேச வரவில்லை. விதி எதுவானாலும் பிள்ளையை வாசலில் நிறுத்தி விசாரிக்காமல், பெரியவர்களைக் கூப்பிட்டு அறைக்குள் பேசுங்கள்.

தூரம்

2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் பெரியவர்களும் இறந்தார்கள். பாலம் வேலை நடந்துகொண்டிருந்ததால் மிதப்பில் போனவர்கள் அவர்கள். படிக்கப் போவதே ஆபத்தாக இருந்தால் சமவாய்ப்பைப் பற்றி அங்கே என்ன பேச?

ஆகவே பாடசாலைக்கு ஒரு வரைபடம் வேண்டும். கையால் கீறியது போதும். எந்தப் பிள்ளை எங்கிருந்து, எதில் வருகிறது, எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுகிறது, எந்த இடத்தில் யானை, எந்த இடத்தில் வெள்ளம். இதை வைத்துக்கொண்டு மூன்று காரியம் செய்யலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவுக்கு எழுதி, பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று ஓடும் சிசு சரிய பஸ் கேட்கலாம், அல்லது இருக்கிற பஸ்ஸின் நேரத்தை மாற்றக் கேட்கலாம். வரைபடத்தோடு போகிற கடிதத்துக்கு மதிப்பு வேறு. சீசன் டிக்கெட் எடுக்காத பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கலாம், பல குடும்பங்களுக்கு அதன் சலுகை தெரியாது. மூன்றாவது, மேலதிக வகுப்பை மாலையில் வைக்கும் முன் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்கலாம். மாலை வகுப்பு இலவசம் என்று பெருமைப்படுவோம், கடைசி பஸ் போனபின் அது நகரத்துப் பிள்ளைக்கு மட்டுமே இலவசம்.

சாய்தளம், கதவு, பரீட்சை

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. "எங்களிட்ட அதுக்கு டீச்சர் இல்லை" என்பது மறுப்புத்தான். விசேட கல்விப் பிரிவு இருக்கிற பாடசாலைக்கு அனுப்புவதென்றால் தாயின் விருப்பத்தைக் கேட்டு, அங்கே இடம் உறுதி என்று தெரிந்த பிறகு அனுப்புங்கள்.

சாய்தளம் கட்டும்போது மேசனிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள்: படி எத்தனை அங்குல உயரமோ, சாய்தளம் அத்தனை அடி நீளம். ஏழு அங்குலப் படிக்கு ஏழு அடி. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது அந்தச் சரிவுதான். நான் கண்ட பல சாய்தளங்கள் மூன்று அடியில் முடிந்து, செங்குத்தாக நிற்கும். அதிபரின் மோட்டார் சைக்கிள் ஏறும், சக்கர நாற்காலி ஏறாது. சாய்தளம் முடிகிற இடத்தில் கதவும் வேண்டும், அந்தக் கதவின் அகலத்தை நாற்காலியோடு போய் அளந்து பாருங்கள். மலசலகூடத்துக்கும் அதே அளவு. செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளையின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவருவது. ஆறாம் தரம் மேல்மாடியில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் மூன்றிலும் மேலதிக நேரம், சொல்லச்சொல்ல எழுதுபவர், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் தருகிறது. கேட்டால்தான் கிடைக்கும். மருத்துவச் சான்றும் அதிபரின் பரிந்துரையும் வேண்டும், பரீட்சைக்கு முந்திய வருடமே தொடங்கிவிடுங்கள். வைத்தியசாலைத் திகதி கிடைக்கவே மாதக் கணக்காகும்.

காசும் கடிதமும்

வகுப்பில் எழும்பி நிற்கச் சொல்லிக் காசு கேட்பதை இன்றைக்கே நிறுத்தலாம். இதற்குக் கூட்டம் தேவையில்லை. பெயர்ப் பட்டியலை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதும் அப்படியே. சுற்றுலா, படம், விளையாட்டு இல்லத்து மேற்சட்டை என்று எது வந்தாலும், வருடத் தொடக்கத்திலேயே அபிவிருத்திச் சங்கம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்து, யாருக்குச் செலவாகிறது என்பது வகுப்பாசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மேடையில் அழைத்து உதவி கொடுத்துப் படம் பிடிப்பவர்களிடம், நன்றி, படம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

பெற்றோருக்கு எழுதும் கடிதத்தைக் கொஞ்சம் பாருங்கள். "தாய் அல்லது தந்தை தவறாது சமூகமளிக்கவும், தவறின் பிள்ளை வகுப்பில் அனுமதிக்கப்படமாட்டார்" என்று ஒரு அச்சடித்த படிவம் எல்லாப் பாடசாலையிலும் உண்டு. தாய் குவைத்தில், தகப்பன் கடலில். மூத்தம்மாதான் பிள்ளையை வளர்க்கிறா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது, பேரனே வாசித்துக் காட்டுகிறான். என்ன வாசிப்பான் என்று நினைக்கிறீர்கள்? "பிள்ளையைப் பார்க்கிற யாரும் வரலாம்" என்று எழுதுங்கள். அதோடு தொலைபேசியில் ஒரு வார்த்தை: "வாங்கோ, பெரிய விஷயம் ஒண்டும் இல்லை, பிள்ளையைப் பற்றிக் கதைப்பம்." கூட்டத்தை ஒரு முறை காலையில் வைத்தால் மறுமுறை பின்னேரம் வையுங்கள். கடல் தொழில் ஊரென்றால் வள்ளம் எப்போது கரைக்கு வரும் என்று கேட்டு நாள் வையுங்கள். வந்தவர்களை வாங்கில் இருத்துங்கள், சங்கத் தலைவருக்கு மட்டும் கதிரை போடாதீர்கள்.

அசையாவிட்டால்

முதலில் வகுப்பாசிரியர், பிறகு பகுதித் தலைவர், அதிபர். வாயால் சொன்னது நிற்காது, எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அடுத்தது கோட்டக் கல்விப் பணிப்பாளர், அதற்கு மேல் வலயம். நம் மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஐந்து வலயங்கள். உங்கள் பாடசாலை எதில் என்று தெரியாமல் வேறு வலயத்துக்கு எழுதிக் காத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். மாகாணப் பாடசாலையா தேசியப் பாடசாலையா என்பதையும் பாருங்கள், தேசியப் பாடசாலை மத்திய அமைச்சின் கீழ் வரும்.

பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல் என்றால் இந்த வரிசையில் காத்திருக்க வேண்டாம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். பாகுபாடு என்று உறுதியாக நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துக்குள் முறையிடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு உயர் நீதிமன்றம் போவதற்கும் ஒரு மாதம்தான் கெடு, ஆணைக்குழுவுக்கு நேரத்துக்கு முறையிட்டிருந்தால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. அனுமதிப் பட்டியல், ஆசிரியர் பங்கீடு, சேர்த்த காசின் கணக்கு போன்றவை தேவையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டு வாங்குங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாள்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும் என்பது அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணப்படும்.